பெயர்ப்பலகை இல்லாத உருண்டை

என் அண்ணி அறிவியல் அருங்காட்சியகத்தில் டிக்கெட் கொடுப்பவர். அங்கே மணியடிக்கும் தொலைபேசியையும் அவர்தான் எடுக்க வேண்டும். படித்தது பத்தாவது. ஆனால் வானத்தைப் பற்றி ஊருக்கு வருகிற சந்தேகத்தையெல்லாம் இருபத்திரண்டு வருஷமாகத் தீர்த்து வைப்பவர் அவர்தான். படித்த பெரிய மனிதர்கள் மாடியில் இருந்தார்கள். அவர்களுக்கு இணைப்புக் கொடுத்தால் எடுக்க மாட்டார்கள்.

"ராக்கெட் விட்டு விட்டு வானத்துல ஓட்டை விழுந்துடுச்சாமே, அதான் மழை இல்லையா?" என்று ஒருவர் கேட்பார். "வானம் என்ன கூரையாங்க, ஓட்டை விழறதுக்கு?" என்பார் அண்ணி. சூரியனுக்குப் பின்னால் ஒரு கோள் ஒளிந்திருக்கிறதாமே என்று கேட்பவரிடம், "அந்தப் பக்கமெல்லாம் விண்கலம் போய்ப் பாத்தாச்சுங்க. ஒளிஞ்சிக்க இடமே இல்ல" என்பார். இன்னும் கண்டுபிடிக்காத கோள் ஒன்றுகூடக் கிடையாதா என்று யாராவது மடக்கினால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார். "இருக்கலாம். தேடிக்கிட்டு இருக்காங்க. இருந்தாலும் ரொம்ப ரொம்ப தூரம். நம்ம பக்கம் வராது."

'இல்லை' என்று சொல்லித் தொலைத்தால் என்ன என்று நான் எரிச்சல்பட்டிருக்கிறேன். "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றதுல என்ன தம்பி வெக்கம்?" என்று என்னையே கேட்பார். ஊருக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்ன அந்த அண்ணியின் பேச்சு வீட்டில் மட்டும் எடுபடவில்லை.

என் அண்ணன் லிப்ட் மெக்கானிக். இருபதாவது மாடியில், லிப்டின் தலைமேல் நின்றுகொண்டு கம்பிக்கயிற்றுக்குக் கிரீஸ் போடுகிற ஆள். அவருடைய இதயத்தில் ஒரு வால்வு பழுதாகிவிட்டது. இருபத்து நான்காம் தேதி ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்தார். தள்ளிப்போட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்து அண்ணன் போனுக்கு ஒரு வீடியோ வந்து சேர்ந்தது. யாருக்கும் தெரியாத கோள் ஒன்று இருபத்து மூன்றாம் தேதி பூமியில் மோதப் போகிறதாம். அதற்கு ஆதாரமாக வீடியோவில் காட்டியது அண்ணியின் அருங்காட்சியகக் கூரையை.

நடந்தது இவ்வளவுதான். அங்கே கூரையிலிருந்து ஒன்பது கோள்களைத் தொங்க விட்டிருந்தார்கள். கோள்களின் வரிசையிலிருந்து புளூட்டோவை எடுத்துவிட்டதாக அறிவிப்பு வந்ததும், பெயர்ப்பலகையைக் கழற்றச் சொன்னார் இயக்குநர். பலகை சுவரில் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. அண்ணி திருப்புளி எடுத்துக் கழற்றிவிட்டார். உருண்டை முப்பது அடி உயரத்தில் இருந்தது. அதற்கு நீள ஏணி வர வேண்டும். ஏணி வருகிறது, வருகிறது என்று வருஷக்கணக்காக வரவே இல்லை. பெயரில்லாமல் தொங்கிய அந்த உருண்டையை எவனோ படம் பிடித்து, மறைத்து வைத்த ரகசியக் கோள் என்று பரப்பிவிட்டான்.

"பேர்ப்பலகையைக் கழட்டினது யாரு?" என்றார் அண்ணன்.

"நான்தான்."

"யாரு கழட்டச் சொன்னது?"

"டைரக்டர்."

"பாத்தியா? உன்னை வெச்சே மறைச்சிருக்காங்க. எல்லாம் இருபத்து மூணோட முடியப் போவுது. இருபத்து நாலுல ஆபரேஷன் எதுக்கு?"

அண்ணி தலைப்பாடாக அடித்துக்கொண்டார். "அவ்ளோ பெரிசு ஒண்ணு மோத வந்தா இந்நேரம் வெறுங்கண்ணுக்கே தெரியணுமே" என்றார். கோபித்தார், கெஞ்சினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் நீள ஏணியை அவரே சொல்லி வரவழைத்தார். ஒரு விடுமுறை நாள் காலையில் அண்ணனையும் என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போனார்.

ஏறியது நான். எனக்கு உயரம் என்றாலே பயம். கீழே நாற்காலியில் உட்கார்ந்த அண்ணன், "டேய், கீழ பாக்காத. கொக்கியைப் பாரு" என்று அதட்டினார். ஒருவழியாக உருண்டையைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். காகிதக் கூழில் செய்த சாதாரண உருண்டை. முதுகில், கீழிருந்து தெரியாத பக்கத்தில், பெயின்டில் 'புளூட்டோ' என்று எழுதியிருந்தது. அண்ணன் அதை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப ஒண்ணும் மோதாது" என்றார்.

"மோதாது" என்றார் அண்ணி.

அண்ணன் நிமிரவே இல்லை. "எல்லாரும் ஒண்ணா போறதா இருந்தா எனக்குப் பயமில்லடி. அந்த ஆபரேஷன் மேசை மேல நான் மட்டும் தனியாப் படுத்துப் போறதுதான்..."

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கும் அண்ணி அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"எனக்கும்தான் பயம். ஒரு மாசமா நீங்க கிரகத்தைப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தீங்க. என் பயத்தை நான் யாருகிட்ட சொல்றது?"

"இப்பச் சொல்லு" என்றார் அண்ணன்.

நான் வெளியே வந்துவிட்டேன். சொல்லி முடிக்க அண்ணிக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அழுத முகத்தோடு இருவரும் வந்தார்கள். எனக்கு அவர்கள் இரண்டு பேர் மேலும் அப்படி ஒரு பிரியம் வந்தது.

இருபத்து மூன்றாம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்ந்தோம். ரத்தம் எடுப்பதும் படிவத்தில் கையெழுத்துப் போடுவதுமாக அன்றைய பொழுது போயிற்று. மறுநாள் காலையில் தள்ளுகட்டிலில் போகும்போது அண்ணன் என்னைச் சைகையால் கூப்பிட்டார். ஏதோ பயத்தில் கூப்பிடுகிறார் என்று நினைத்துக் குனிந்தேன்.

"டேய், அவ வெளிய தனியா உக்காந்திருப்பா. நீ எங்கயும் போயிடாத."

நான் போகவில்லை. நாலரை மணி நேரம். டாக்டர் வெளியே வந்து, "நல்லா இருக்காரு" என்று சொன்னபோது, அண்ணி பிடித்திருந்த பிடியில் என் விரல்கள் மரத்துப்போயிருந்தன.