சாய்ந்த மின்கம்பம்

பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது நானும் என் அறைத்தோழனும் ஒரு குறும்படம் எடுத்தோம். இலங்கை மலையகத்தின் ஹுன்னஸ்கிரியவில், அவனுடைய குடும்பம் இருந்த லயத்துக்கு, அந்தத் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, மேலிருந்த தேயிலைச் சரிவில்தான் படப்பிடிப்பு. மூன்று நாள் மழைக்குப் பிறகு கொஞ்சம் வெளித்திருந்த காலையில், அவன் இறங்கி வரும் காட்சியை எடுத்தேன். திரும்பவும் மழை பிடித்ததால், கமெரா முக்காலியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினோம். மீதியைப் பின்னேரம் அதே இடத்திலிருந்து எடுத்தோம்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் போட்டுப் பார்த்தபோது ஏதோ ஒட்டவில்லை. காலையில் அவனுக்குப் பின்னால் நேராக நின்ற மின்கம்பம் பின்னேரம் சாய்ந்திருந்தது.

"நீ கமெராவ ஆட்டிட்ட," என்றான்.

"இல்லடா. ஓரத்துல கூரையப் பாரு, அது அப்படியேதான் இருக்கு."

ஏறிப் போய்ப் பார்த்தோம். தேயிலைச் செடிகளுக்கிடையே கை நுழையுமளவு நிலம் வெடித்திருந்தது. உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

அவனுடைய அம்மாவிடம் இரண்டு காட்சிகளையும் காட்டினேன். அவர் அடுப்பை அணைத்தார். "எல்லாரையும் கூப்பிடுங்க. ஸ்கூலுக்குப் போயிருவோம்."

இருட்டுவதற்குள் லயத்திலிருந்த ஆறு குடும்பங்களும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டன. விடிந்தபோது பாதி லயம் மண்ணுக்குள் கிடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மழை மட்டும் விடவில்லை.

அவனுடைய அம்மா பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, இதையும் கொஞ்சம் புடிச்சுப் பாருங்களேன்."

அன்று பகல் முழுக்க அந்த மலையைப் படம்பிடித்தேன். அது அசையவில்லை. ஆனாலும் ஒருவரும் அதற்கு முதுகைக் காட்டி உட்காரவில்லை.