மோர்டன் சந்தியில் லைட் அடித்த வழக்கு

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நான், பாரிசில் கோப்பை கழுவத் தொடங்கி, இரண்டு மளிகைக் கடையும் ஒரு கலியாண மண்டபமும் கட்டியவன். யாரும் கை கொடுக்கவில்லை. லண்டனுக்கு மகளைப் பார்க்க வந்த இடத்திலும் என் மூளைக்கு ஓய்வில்லை.

மோர்டனில் ஒரு சந்தி. பக்கத் தெருவிலிருந்து திரும்பிய சிவப்புக் காரின் கதவில் மரக்கறி வான் மோதி நிற்கிறது. வான் ஓட்டியவன் யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்தவன். காரில் வந்தவள் இங்கேயே வளர்ந்த நம் பிள்ளை. பொலிசைக் கூப்பிடக் கைபேசியை எடுத்துவிட்டாள். நான் இடையில் புகுந்து என்னவென்று கேட்கிறேன்.

"வா எண்டு லைட் அடிச்சுப்போட்டு இடிக்கிறார், அங்கிள். இன்சூரன்ஸ் காசுக்குச் செய்யிற கள்ள வேலை!"

"ஐயோ அக்கா, நான் வாறன், நில்லுங்கோ எண்டெல்லோ லைட் அடிச்சனான்!" அவன் வானின் முன்விளக்கைத் தொட்டுக் காட்டுகிறான்.

எனக்கு உடனே பிடிபடுகிறது.

"பிள்ளை, ஊரிலை லைட் அடிச்சால் நான் வாறன், நில் எண்டு அர்த்தம். இஞ்சை, நீ போ எண்டு அர்த்தம். அவன் ஊர்ப் பாஷையிலை அடிச்சான், நீ லண்டன் பாஷையிலை விளங்கினாய்."

அவள் கைபேசியை இறக்குகிறாள். சிரிப்பும் வந்துவிடுகிறது.

"அப்ப ஆரிலை பிழை, அங்கிள்?"

"ரெண்டு பேரிலையும். ஆனா கள்ளன் ஒருத்தனும் இல்லை."

அவன் மூச்சு விடுகிறான். இருவரும் விலாசம் மாற்றிக்கொள்கிறார்கள். என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. விடுவேனா?

"ஆருக்கு இந்தக் கதையைச் சொன்னாலும், தீர்த்து வைச்சது பாரிஸ்காரன் எண்டு முதல் சொல்லிப்போட்டு மிச்சத்தைச் சொல்லுங்கோ!"