கலியாணசுந்தரம் சொன்ன ஒன்பது

மலாக்காவின் காஜா பெராங் பகுதி ஓவர்சியர் கலியாணசுந்தரத்துக்கு எண் என்றால் உயிர். அடியா கஜமா என்பதெல்லாம் சில்லறை ஆட்களின் கவலை. ஐம்பத்தேழில் மலாயாவின் சுதந்திர தினக் கொடிக்கு அவரே பொறுப்பு. ஜாலான் பெண்டஹாரா தெருத் துணிக்கடையில், அடியை மனதில் வைத்து, “நீளம் ஒன்பது, அகலம் நாலரை” என்றார். துணிக்காரருக்குத் தெரிந்தது கஜம், அப்படியே தைத்துவிட்டார். விடிந்தால் கொடியேற்றம். கம்பமோ பன்னிரண்டு அடி.

“ஏங்க, இது கொடியா, ஊருக்கே போர்வையா?” என்றார் மனைவி சீதா.

“கணக்கு சரிதான். கம்பம்தான் குட்டை!”

கொடி தரையில் படாமல் இரண்டு தென்னைகளுக்கு நடுவே கட்டி, ஊரார் அவர் மானத்தைக் காப்பாற்றினார்கள். இவ்வளவு பெரிய கொடி மலாக்காவிலேயே இல்லை என்று பாராட்டு வேறு. அந்தத் தெம்பில் விருந்துக்கும் அவரே அரிசி சொன்னார்: “இருபது.”

மளிகைக்காரர் இருபது மூட்டைகளை இறக்கிவிட்டுப் போனார்.