லீலாவதி பராத்தில் ஆடினாள்

டெல்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் ஐந்தாவது மாடியில் இருக்கும் லீலாவதிக்கு நாற்பத்தேழு வயது. அம்பாசமுத்திரத்துக்காரி. கணவர் சிவகுமார் விமானப் படையில் இருந்தவரை ஜோர்ஹாட், பரேலி, ஆதம்பூர் என்று மூட்டை கட்டிக் கட்டிப் பிரித்தவள். அவர் ஓய்வு பெற்று ஏர்போர்ட்டில் பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்த பிறகுதான் ஓரிடத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று சொல்வதும் தப்பு. அடுத்த மாதமே ஒரு சர்வே கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், புடவைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ. வீடு வீடாக மணி அடித்து, என்ன சோப்பு போடுகிறீர்கள், எந்த எண்ணெயில் சமைக்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டு எழுதிக்கொள்வாள்.

நான் சுஜாதா. நான்காவது மாடி. புசா ரோட்டில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். லீலாவதி என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு அந்தப் பராத்தில், மாப்பிள்ளை ஊர்வலத்தில், நானும் ஆடினேன் என்பதால் இந்தக் கதையைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

போன நவம்பரில் அவளுக்கு வந்த சர்வே, சோப்பு சர்வே இல்லை. மொத்தம் நாற்பது கேள்வி. நாற்பதாவது இது: வாழ்க்கையில் உங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது எது? ஒன்றே ஒன்று சொல்லவும்.

புது சர்வே வந்தால் வீட்டில் ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கிளம்புவாள். சிவகுமார் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நேரத்துக்கு டியூட்டிக்குப் போறது."

"அது ஒரு பதிலா? குடும்பம்னு சொல்லுங்க."

"கேட்ட, சொல்லிட்டேன். எழுது."

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. முப்பது வருட உத்தியோகத்தில் ஒரு நாள், ஒரு நிமிடம் தாமதமாகப் போனதில்லை. தன் கல்யாணத்துக்கே முகூர்த்தத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் மணவறையில் உட்கார்ந்திருந்தவர் என்று லீலாவதி சொல்வாள்.

கல்லூரியில் படிக்கும் மகள் கனிமொழி டேப்லெட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "அச்சா, இப்ப நீ சொல்லு மா. உனக்கு எது?"

"நான் கேக்குதவ. சொல்லுதவ இல்ல," என்று சொல்லிவிட்டு லீலாவதி ஷூவை மாட்டிக்கொண்டாள்.

வீடு வீடாகப் போனாள். முக்கால்வாசிப் பேர் குடும்பம் என்றார்கள். அவள் அதைக் குறித்துக்கொண்டு எழுந்திருக்கும்போதுதான் டீ வரும். டீயோடு உண்மையான பதிலும் வரும். குடும்பம் என்று சொன்ன ஒரு பஞ்சாபிப் பெண்மணி, மேல் வீட்டு ஏசி தண்ணீர் தன் துளசிச் செடியில் சொட்டுவதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். ஆரோக்கியம் என்று பதில் சொன்ன ஒரு வக்கீலுக்கு உள்ளூர முக்கியமாக இருந்தது மாடியில் விடும் புறாக்கள். எங்கள் பிளாக்கிலேயே இருக்கும் பாலசுப்ரமணியம் மாமா, நிதி அமைச்சகத்தில் இருந்து ஓய்வு பெற்ற கும்பகோணத்துக்காரர், எழுபத்தொரு வயது, சுற்றி வளைக்கவே இல்லை.

"கார்த்தால வயிறு சரியாப் போகணும். மத்ததெல்லாம் அதுக்கு அப்பறம்தான்."

"அதை எப்படி மாமா எழுதுறது?"

"ஏன், ஹிந்தியில அதுக்கு வார்த்தையே இல்லையா?"

லீலாவதி எல்லாவற்றையும் 'மற்றவை' என்ற கட்டத்தில் அப்படியே எழுதினாள். ஆபீசில் இருந்து அவளுடைய சூப்பர்வைசர் ஹரிஷங்கர் போன் செய்தார். "மேடம், மற்றவையில் இவ்வளவு வரக்கூடாது. மற்ற ஏரியாவில் எல்லாம் குடும்பம், ஆரோக்கியம், பணம் என்று ஒழுங்காக வருகிறது." "சார், அங்கே யாரும் டீ கொடுக்கவில்லைபோல," என்றாள் லீலாவதி.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு செவ்வாய்க்கிழமை மேதாஜியின் வீட்டு மணியை அடித்தாள்.

மேதாஜி அறுபத்து மூன்று வயதுப் பெண்மணி. இரண்டு மாதம் முன்னால்தான் இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன். சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு முப்பத்தொன்பது கேள்விக்கும் மளமளவென்று பதில் சொன்னார். நாற்பதாவதில் நின்றுவிட்டார்.

"எனக்கு ஒரே பையன், அர்விந்த். பன்னிரண்டு நாளில் கல்யாணம். பெண் வீட்டில் நானூறு பேர். என் பக்கம் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு எத்தனை பேர் தெரியுமா? பதினொன்று. அதில் ஒருத்தருக்கு ஆஸ்துமா. அவன் அப்பா இருந்தவரை இந்த வீட்டில் சொந்தக்காரர்கள் காலை வைக்க இடம் இருக்காது. அவர் போனார், எல்லாரும் போனார்கள். என் பையன் குதிரையில் உட்கார்ந்திருக்க, முன்னால் ஆட ஆள் இல்லாமல் பராத் சவ ஊர்வலம் மாதிரி போகக்கூடாது. இப்போதைக்கு எனக்கு இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. இதற்கு உன் டப்பாவில் கட்டம் இருக்கிறதா?"

"மற்றவை," என்றாள் லீலாவதி.

"எழுதாதே. நீ வந்து ஆடு. அப்புறம் பதில் சொல்கிறேன்."

லீலாவதி சிரித்தாள். தான் ஆடியதே இல்லை என்றாள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில்கூட திரை இழுக்கிற பக்கம்தான் நின்றவள் என்றாள். மேதாஜி அதற்குள் ஒரு ஸ்டீல் தட்டை எடுத்து விரலால் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

"கையைத் தூக்கு. அப்பளம் காயப்போடுகிற மாதிரி இல்லை, மேலே, இன்னும் மேலே. இப்போது தோள். இடுப்பை மறந்துவிடு, தோள் மட்டும். உன் தோளைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தூக்கம் வரக்கூடாது."

கூடத்தின் நடுவே, அடையாள அட்டை கழுத்தில் ஆட, லீலாவதி தோளைக் குலுக்கினாள். முதலில் வெட்கம். இரண்டாவது நிமிடம் சிரிப்பு. ஐந்தாவது நிமிடம் தட்டு நின்ற பிறகும் தோள் நிற்கவில்லை. அன்றைக்கு லிஃப்டில் என்னைப் பார்த்தபோது முகம் அடுப்பில் இருந்து இறக்கியது மாதிரி இருந்தது.

"டீச்சர், என்னமோ ஆயிருச்சு எனக்கு. படிக்கட்டுல இறங்கி வரும்போதும் தோள் ஆடுது."

பன்னிரண்டு நாளும் போனாள். சிவகுமாரிடம் சொல்லவில்லை. கல்யாண வீடுகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முதல் பந்தியில் சாப்பிட்டு, மொய் வைத்துவிட்டு வந்துவிடுகிறவரிடம் இதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் எங்களிடம் சொன்னாள். சொன்னாள் என்ன, பிடித்து இழுத்தாள். என்னை, கனிமொழியை, கனிமொழியின் கல்லூரித் தோழிகள் மூன்று பேரை, புறா வக்கீலை, துளசிச் செடிப் பெண்மணியை. பாலசுப்ரமணியம் மாமாவிடம் கேட்டபோது, "பகல்லதானே? சாப்பாடு உண்டோன்னோ? வரேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை. பகல் கல்யாணம். பத்து மணி என்று பத்திரிகையில் போட்டிருந்த ஊர்வலம், டெல்லி வழக்கப்படி பதினொன்றரைக்குக் கிளம்பியது. மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்தில் இருந்து கல்யாண மண்டபம் வரை மெயின் ரோட்டில் அரை கிலோமீட்டர். வெள்ளைக் குதிரை மேல் அர்விந்த், முகத்தில் பூச்சரம். பின்னால் சாமந்தி மாலை கட்டிய ஈ-ரிக்ஷாவில் மேதாஜி. முன்னால் பேண்டு வாத்தியம், டோல் மேளம் அடிக்கிறவர் ஒருவர். டோல் முழங்குகிறது. நாங்கள் எல்லாரும் பேங்கில் வரிசையில் நிற்பதுபோல நிற்கிறோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். சொந்தக்காரர்கள் பதினொரு பேரும் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு நடக்கிறார்கள்.

லீலாவதி திரும்பி மேதாஜியைப் பார்த்தாள். அவர் சிரித்த முகமாகத்தான் இருந்தார். ஆனால் அந்தச் சிரிப்பைப் பிடித்து வைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

லீலாவதி முந்தானையை இடுப்பில் செருகினாள். எங்களை விட்டுத் தனியாக டோலுக்கு எதிரே போய் நின்றாள். கையைத் தூக்கினாள்.

அரக்குப் பட்டு, கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ, தோள் மட்டும் தனி உயிர் வந்தமாதிரி குலுங்குகிறது. டோல்காரர் ஒரு கணம் பார்த்தார், பிறகு இரட்டை வேகத்தில் அடிக்க ஆரம்பித்தார். கனிமொழி "மம்மி" என்று கூவிக்கொண்டு ஓடினாள். தோழிகள் ஓடினார்கள். என் கால் எப்போது தரையை விட்டது என்று எனக்கே தெரியாது. பாலசுப்ரமணியம் மாமா வேட்டியை மடித்துக் கட்டினார்.

"மாமா, பாத்து," என்றேன்.

"இன்னிக்குக் கார்த்தால எல்லாம் பேஷா ஆயிடுத்து. இனிமே பயமில்லை," என்று சொல்லிவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுவில் போனார்.

கோட்டுப் பைகளில் இருந்து கைகள் வெளியே வந்தன. ஆஸ்துமாக்காரர் இன்ஹேலரைக் கையில் பிடித்துக்கொண்டே ஆடினார். ஈ-ரிக்ஷாவில் மேதாஜி கம்பியைத் தட்டித் தட்டி அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்.

இருபது நிமிடத்தில் நாங்கள் நகர்ந்தது ஐம்பது அடி. பின்னால் வண்டிகள் அடைத்துக்கொண்டன. ஹார்ன் சத்தம் எங்களுக்குப் பாட்டோடு பாட்டாகக் கேட்டது. அந்த வண்டிகளில் ஒன்று, ஏர்போர்ட் ஊழியர்களை மதிய ஷிஃப்டுக்குக் கூட்டிப்போகிற பஸ். யார் ரோட்டை மறிக்கிறார்கள் என்று பார்க்க அதன் வாசலில் வந்து நின்றவர் சிவகுமார்.

யூனிஃபாரத்தில் இறங்கி வந்தார். நான் முதலில் பார்த்தேன், அப்படியே நின்றுவிட்டேன். கனிமொழி பார்த்தாள், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். லீலாவதி கண்ணை மூடிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி முடித்துக் கண்ணைத் திறந்தால் எதிரே கணவர். தூக்கிய கை தூக்கியபடியே நின்றது.

டோல்காரருக்கு இதெல்லாம் தெரியாது. யாரோ விருந்தாளி விறைப்பாக நிற்கிறார் என்று நினைத்து, அவர் முகத்துக்கு நேரே போய் அடித்தார். ஈ-ரிக்ஷாவில் இருந்து மேதாஜி குரல் கொடுத்தார்.

"லீலா, யார் அவர்?"

"என் வீட்டுக்காரர்."

"பிறகு ஏன் நிற்கிறார்?"

சிவகுமார் கடிகாரத்தைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். குதிரை மேல் இருந்த அர்விந்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டி, அணிவகுப்பில் ஆணை கொடுக்கிற குரலில், "எல்லாரும் இடது பக்கம்," என்று இந்தியில் சொன்னார். மொத்தப் பராத்தும், குதிரை உட்பட, இடது பக்கம் ஒதுங்கியது. ஒவ்வொரு வண்டியாகக் கையசைத்து அனுப்பினார். பஸ் பக்கத்தில் வந்ததும் டிரைவர் கதவைத் திறந்து, "சிவகுமார்ஜி, ஜல்தி," என்றார்.

சிவகுமார் அந்தப் பஸ்ஸையும் கையசைத்து அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. டோல் தாளத்துக்கு நின்ற இடத்திலேயே இடது, வலது, இடது, வலது என்று மார்ச் செய்தார். முழங்கால் இடுப்பு வரை வந்தது. கை ஒரு அங்குலம் பிசகவில்லை. கல்லூரிப் பெண்கள் அதைப் புது ஸ்டெப் என்று நினைத்து அவர் பின்னால் வரிசை கட்டினார்கள். சொந்தக்காரர்கள் அவர்கள் பின்னால். பூச்சரத்தை விலக்கிப் பார்த்த அர்விந்த் சிரித்துச் சிரித்துக் குதிரையில் இருந்து விழப் பார்த்தான்.

அந்த இரைச்சலில் சிவகுமார் மனைவி பக்கம் குனிந்து கேட்டது என் காதில் விழுந்தது.

"ஏளா, இத்தன வருஷமா இத எங்க வச்சிருந்த?"

"நீங்க கேக்கவே இல்லியே."

மண்டபத்து வாசலில் பெண் வீட்டார் நானூறு பேரும் நின்று பார்த்தார்கள். வேட்டி கட்டிய ஒரு தாத்தாவும் யூனிஃபாரத்தில் ஒருவரும் முன்னால் வர ஒரு பராத் வந்ததை அவர்கள் அதுவரை பார்த்திருக்க மாட்டார்கள். யார் இவர்கள் என்று பெண்ணின் அப்பா கேட்டார். "எங்கள் ஆட்கள்," என்றார் மேதாஜி. அதற்குமேல் விளக்கம் சொல்லவில்லை. லீலாவதி ஒரு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தல சுத்துது டீச்சர். சுத்தட்டும், விடுங்க," என்றாள்.

சிவகுமார் ஒரு ஜிலேபியை வாயில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தார். ஒரு மணி பத்து நிமிடம் தாமதம். பதிவேட்டில் காரணம் எழுதுகிற இடத்தில் 'பராத்' என்று எழுதினார். அவர் மேலதிகாரி அதைப் படித்துவிட்டு, "ஆமாம், இந்த சீசனில் ரோட்டில் போகவே முடிவதில்லை," என்று அனுதாபத்தோடு கையெழுத்துப் போட்டாராம்.

செவ்வாய்க்கிழமை லீலாவதி டேப்லெட்டோடு மேதாஜி வீட்டுக்குப் போனாள். நாற்பதாவது கேள்வி பாக்கி இருந்தது. மேதாஜி யோசித்தார்.

"எது முக்கியமோ அது முடிந்துவிட்டதே. இனி வேறு ஒன்று கண்டுபிடிக்கணும். அடுத்த வாரம் வா."

ஹரிஷங்கர் மறுபடி போன் செய்தார், ஒரே ஒரு பதில் ஏன் காலியாக இருக்கிறது என்று. "யோசிக்கிறார்கள் சார். இப்போதுதான் ஒருத்தர் உண்மையாக யோசிக்கிறார்," என்றாள் லீலாவதி. அவர் சிரித்துவிட்டு அந்த ஒன்றைக் காலியாகவே விட்டுவிடச் சொன்னார்.

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. நேற்று கறிகாய்க்காரர் வண்டிப் பக்கத்தில் நின்றபோது லீலாவதி சொன்னாள், இந்த ஞாயிறு நஜஃப்கட் பக்கம் ஒரு கல்யாணமாம். யார் வீட்டில் என்று கேட்டேன். டோல்காரரின் தங்கைக்காம். தேடி வீட்டுக்கே வந்து பத்திரிகை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சிவகுமார் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று.

"நீங்களும் வாங்க டீச்சர். மெட்ரோல போயிரலாம்," என்றாள், இரண்டு கையிலும் முருங்கைக்காயைப் பிடித்துக்கொண்டு.