அணியத்துப் பலகை

மழைக்காலத்தில் உறுவையாற்றுப் பக்கத்து ஜனங்கள் ஆற்றைக் கடக்க எங்கள் படகை விட்டால் வேறு கதி கிடையாது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம் அது. அண்ணனும் நானும் சேர்ந்து படகு ஓட்டினோம். அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

படகு எங்கள் கைக்கு வரும்போதே கிழம். புதுச்சேரியில் கப்பலிலிருந்து கரைக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்த படகு. கடலில் வேலைக்கு ஆகாது என்று கழித்துக் கட்டியதை அண்ணன் வாங்கிவந்து, தார் பூசி, ஆற்றில் இறக்கினார். முன்மூக்கை நாங்கள் அணியம் என்போம். அதன் மேல் இரண்டு முழ அகலத்தில் ஒரு பலகைத் தட்டு உண்டு. ஆத்தா குந்துகிற இடம் அது என்று அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார். யாரும் அதில் கால் வைக்கக் கூடாது, இரும்பு படக் கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் அதன்மேல் மஞ்சள் தண்ணீர், பால், இளநீர் என்று ஊற்றி, காவியும் மஞ்சளும் குழைத்துப் பூசுவார். ஆண்டுக்கொரு தரம் படகைச் சோதிக்க வரும் மேஸ்திரிகூட மற்ற பலகைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, அங்கே வந்ததும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகிற பெண் எங்கள் படகில் ஏறினால், அவள் மட்டும் அந்தப் பலகையில் உட்காரலாம். நடு ஆற்றில் மஞ்சளும் குங்குமமும் ஒரு ஜோடிக் கறுப்பு வளையலும் தண்ணீரில் விடுவாள். எங்கள் துறையின் வழக்கம் அப்படி. அதாவது, ஆறு ஏழு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பலகையின்மேல் ஏறுகிற ஒரே பாரம், வயிற்றில் பிள்ளையைச் சுமக்கிறவள்.

புரட்டாசி முடிகிற சமயம், ஒரு காலையில் வாடிய பூவை எடுத்துப் போடப் போனேன். பலகையின் ஓரத்திலிருந்து எறும்புகள் சாரை சாரையாக வந்துகொண்டிருந்தன. வாயில் வெள்ளையாக ஏதோ தூக்கிக்கொண்டு வந்தன. விரலால் தட்டினேன். மற்ற இடத்தில் தட்டினால் டக் டக்கென்று கேட்கும். இங்கே பொத்து பொத்து என்றது. கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். காவிப் பூச்சு வெடித்து, விரல் உள்ளே போயிற்று. ஊறின அவலைத் தொட்டதுபோல் இருந்தது.

இரும்பு படக் கூடாது என்பதால் நான் உளியைத் தொடவில்லை. பாருங்கள் என் பக்தியை. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக் குத்திப் பார்த்தேன். ஒடியாமல் ஒரு சாண் இறங்கியது. மேல்தட்டைத் தாண்டி, ஆற்றுத் தண்ணீரைத் தொடுகிற அடிப்பலகையிலும் அது குத்திக்கொண்டு நின்றது.

கடற்கரையில் படகை உப்புத் தண்ணீரில் கழுவுவார்கள். உப்பு ஊறின மரத்துக்குச் சீக்கிரம் கேடு வராது. நாங்கள் அதை நல்ல தண்ணீரில் மிதக்கவிட்டு, மேலே பாலும் இளநீரும் ஊற்றி, காற்று போகாமல் காவி பூசி மூடியிருந்தோம். பாலும் தண்ணீரும் இறங்கி மூக்கின் அடியில் தேங்கி நின்று, கீழ்ப்பலகையையும் தின்றிருக்கின்றன. வெளியே தார் பளபளவென்று இருந்தது.

அண்ணன் சாப்பிட்டுவிட்டு வந்ததும் சொன்னேன்.

"ணா, அணியத்துப் பலக அழுவிப் போயிருக்குணா. பிரிச்சி வேற போட்றலாம்."

"இன்னாடா பேசற? ஆத்தா குந்தற எடத்த உளி வச்சிப் பேத்தெடுக்கச் சொல்றியா?"

"ஈர்க்குச்சி எறங்குதுணா."

"நீ எதுக்குடா அதுல குச்சிய வுட்ட?" என்று கையை ஓங்கிவிட்டார். "அவ கப்பலயே தாங்குனவ. வெளியில ஒருத்தங்கிட்ட வாயத் தொறந்த, நடக்கறதே வேற."

வாயை மூடிக்கொண்டேன். பயம் ஒரு பக்கம். அண்ணன் பேச்சை நானும் பாதி நம்பினேன் என்பது இன்னொரு பக்கம். தெய்வம் உட்காருகிற இடத்தைத் தோண்டிப் பார்த்தவன் என்ற குறுகுறுப்பும் இருந்தது. அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. துடுப்பு போடும்போது கண் அணியத்திலேயே நிற்கும். மழை பெய்தால் பலகை இன்னும் ஊறுமே என்று வைக்கோலைக் கொண்டுபோய் மூடுவேன். அண்ணன் வந்து அதை உதறிப் போடுவார்.

எட்டு நாள் கழித்து ஒரு குடியானவர் வீட்டுப் பெண் வந்தாள். கை நிறைய வளையல், தலை நிறையப் பூ. வழியனுப்ப வந்த பெண்களில் என் மனைவியும் இருந்தாள். அவளும் அப்போது ஆறு மாதம். அந்தப் பெண் அணியத்தில் உட்கார்ந்ததும் பலகை லேசாக அமுங்கியது. பூச்சின் விரிசலிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் கசிந்தது. நான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை.

ஆறு இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் தண்ணீரைப் பார்க்காமல் பலகையையே பார்த்துத் துடுப்பு போட்டதில் படகு இரண்டு முறை பக்கவாட்டில் திரும்பிவிட்டது. "மெல்ல ஓட்டுப்பா, புள்ளத்தாச்சி குந்தியிருக்கா" என்றாள் அவள் அம்மா. வளையலைத் தண்ணீரில் விட அந்தப் பெண் முன்னால் குனிந்தபோது நான் துடுப்பு போடுவதையே நிறுத்திவிட்டேன். அக்கரையில் அவளை இறக்கிவிட்டதும் அங்கேயே மணலில் உட்கார்ந்தேன். தாங்கிவிட்டது, இனியும் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசியில் என் மனைவிக்கு ஏழாம் மாதம் தொடங்கியது. வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். அவள் என் அத்தை மகள், தாய்வீடு அக்கரையில்தான். தாங்கும் என்று சொல்லிக்கொண்டேனே, அந்தத் தைரியமெல்லாம் அன்றைக்கே காணாமல் போயிற்று. தினமும் போய் ஈர்க்குச்சி விட்டுப் பார்ப்பேன். முன்பு ஓர் இடத்தில் இறங்கியது, இப்போது நான்கு இடத்தில் இறங்கியது. அண்ணனிடம் மறுபடி போனேன்.

"அவள நடுவுல குந்த வச்சிக்கலாம்ணா."

"ஊர் பொண்ணுங்கள்லாம் அணியத்துல குந்துவாளுங்க, எந்தம்பி பொண்டாட்டி மூட்டையோட மூட்டையா நடுவுல குந்தணுமா? ஊரே சிரிக்கும்டா!"

மனைவியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் பயந்துவிடுவாள், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். நிஜத்தில் அண்ணன் முகத்தை நினைத்தால் எனக்கு நாக்கு எழவில்லை.

அன்று காலை மழை விட்டிருந்தது. தட்டுத் தட்டாகச் சித்திரான்னம், பூ, பழம். உறவுக்காரப் பெண்கள் கரை முழுக்க நின்றார்கள். அண்ணன் அணியத்தில் சூடம் கொளுத்தி, "வாம்மா, ஏறிக் குந்து" என்றார். அவள் முழங்கை வரை வளையல் குலுங்க, ஒரு கையால் படகின் விளிம்பைப் பிடித்து, சிரித்தபடி காலைத் தூக்கினாள்.

என்ன செய்கிறேன் என்று நான் யோசிக்கவில்லை. நடுப்படகிலிருந்து ஒரே தாவலாகத் தாவி, சேற்றுக் காலோடு பலகையின்மேல் இரண்டு காலையும் ஊன்றிக் குதித்தேன்.

சத்தம்கூடப் பெரிதாக இல்லை. வலது கால் தட்டைத் துளைத்து, அடிப்பலகையையும் துளைத்து, தொடைவரை போய்விட்டது. பாதத்தில் ஆற்றுத் தண்ணீர் ஜில்லென்று பட்டது. பெண்கள் அலறினார்கள். மனைவி கரையில் கணுக்கால் தண்ணீரில் நின்று என்னையே பார்த்தாள். படகின் மூக்கு மெல்லத் தண்ணீரில் தாழ்ந்தது. அண்ணன் என்னைத் தூக்கிவிடவில்லை. தலைமயிரைப் பிடித்துக் கன்னத்தில் அறைந்தார்.

"மிதிச்சிட்டியேடா பாவி! ஆத்தா எறங்கிப் பூட்டாடா!"

நான் உடைந்த கட்டையை அள்ளி அவர் கையில் வைத்தேன். ஈர மண்ணாக உதிர்ந்தது. "பாருணா, பாரு, எத்தினி நாளா அழுவுன மரம் இது!" என்று கத்தினேன். அவர் அதைப் பார்த்தார். "நீ மிதிச்சதும் அழுவிப் போச்சி" என்றார். சாகும்வரை அதையேதான் சொன்னார். கரையில் நின்ற பாதிப்பேர் அதைத்தான் நம்பினார்கள். எனக்கு மொட்டை அடித்துக் கூழ் ஊற்ற வைத்தார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அவள் கரையில் நிற்கிறாள், வயிற்றில் பிள்ளை பத்திரம். அது போதும் என்றிருந்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மறுநாள் மத்தியானம் அவள் என் தொடைக் காயத்துக்கு மஞ்சள் அரைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். உதிர்ந்த மரத்தை அவளும் பார்த்திருந்தாள். அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"மாமா, பலக அழுவுனது ஒனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

பாராட்டப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு, "புரட்டாசியிலயே தெரியும் புள்ள. இருவது நாளா தூக்கமே இல்ல எனக்கு" என்றேன்.

மஞ்சள் தடவிய கை நின்றது.

"அப்ப அந்தக் குடியானவரு வூட்டுப் பொண்ணு? நாந்தான அவளுக்குப் பூ வச்சி ஏத்தி வுட்டேன்?"

நான் தொடையில் வழிந்த மஞ்சளை விரலால் வழித்தேன்.

"அவளுக்கு நீ குதிக்கலியே மாமா."

கோபமாகச் சொல்லவில்லை. தெரியாமல் கேட்பதுபோலத்தான் சொன்னாள். பிறகு காயம் கட்டுகிற துணியை என் பக்கத்தில் வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி எழுந்து உள்ளே போனாள். காயத்தை நானே கட்டிக்கொண்டேன்.