புதன்கிழமை கடைசி பீரியட்

பேருந்துப் பணிமனையில் அவருக்குப் பெயர் ‘சார்ட் அக்கா’. அவரைவிட மூத்த ஓட்டுநர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஐம்பத்து நான்கு பேருந்துகள், நூற்றுப் பன்னிரண்டு ஓட்டுநர்கள், வாரத்துக்கு ஏழு நாள். யார் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுப்பது, எங்கே இறங்கி யாரிடம் ஒப்படைப்பது என்று பெரிய தாளில் கட்டம் போட்டு நிரப்புவது அவர் வேலை. பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. கணினி வந்த பிறகும் முதலில் பென்சிலில்தான் போடுவார். ரப்பரால் அழித்தால்தான் அழித்த மாதிரி இருக்கும் என்பது அவர் கட்சி.

சனிக்கிழமை மதியம் பலகையில் சார்ட் ஒட்டியதும் அவருடைய ஜன்னலில் கூட்டம் மொய்க்கும்.

“அக்கா, ஞாயித்துக்கிழமைன்னா எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு.”

“காலண்டர்ல சிவப்பா இருக்கும். போய்ப் பாரு.”

“உங்க மனசு கல்லுக்கா.”

“என் மனசு பஞ்சுதான். சார்ட்தான் இடம் கொடுக்கல.”

இந்தக் கடைசி வாக்கியத்தை வாரத்துக்கு இருபது தடவையாவது சொல்வார். அதில் பொய்யும் இல்லை. ஒரு கட்டத்தை நகர்த்தினால் அதைப் பிடித்துக்கொண்டு ஒன்பது கட்டம் நகரும்.

வீட்டில் மூன்று பேர். அவர், ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் கணவர், ஒரே மகள். மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை விடுமுறையில் முடித்துவிட்டு, பின்பக்க விடைகளில் இரண்டு தப்பு என்று ஆசிரியருக்கு ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தாள். இரண்டும் தப்புதான். மறுவாரமே வழிகாட்டி டீச்சர் அம்மாவை அழைத்தார். எந்தப் பிள்ளை எந்தப் பாடம் எடுக்கலாம் என்று யோசனை சொல்வதுதான் அந்த டீச்சரின் வேலை.

“இவளை எல்லாரோடயும் சேர்த்து நடக்க விடக் கூடாதும்மா. நாலு வருஷத்துக்கும் இப்பவே திட்டம் போட்டுடணும்” என்று ஒரு படிவத்தை நீட்டினார்.

வாரத்துக்கு நாற்பது பீரியட், நான்கு வருடம். கூடவே விளையாட்டு, சேவை, மன்றம், போட்டி. மற்ற பெற்றோர்கள் அந்தப் படிவத்தைப் பார்த்ததும் மலைத்துப்போவார்கள். சார்ட் அக்காவுக்கோ பழகிய முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. இரண்டே வாரத்தில் முடித்துக் கொடுத்தார். கணக்கு பதினோராம் வகுப்போடு, வேதியியல் பத்தாம் வகுப்போடு, மொழிப்பாடம் மட்டும் சொந்த வகுப்போடு. வியாழன் மதியம் இயற்பியல் ஆய்வகத்துக்காக அருகிலிருந்த கல்லூரிக்கு இருபத்திரண்டு நிமிடப் பயணம். அந்தத் தடத்தில் எந்த வண்டி நேரத்துக்கு வரும் என்பதை அவரைவிட யார் அறிவார்? எங்கும் ஒரு மோதல் இல்லை. ஒரு நிமிடம் வீண் இல்லை.

டீச்சர் அதைப் படியெடுத்து மற்ற பெற்றோர்களுக்குக் காட்டினார். பத்தொன்பது வருடத்தில் அவர் போட்ட சார்ட்டை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஃபிரிட்ஜ் கதவில் மாட்டினார்.

ஒரு வருடம் அந்த சார்ட் பிசகாமல் ஓடியது. மகளுக்கு மட்டும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு மாடி. அதனால் அவளுடைய வகுப்பில் அவளுக்கு ‘லிஃப்ட்’ என்று பெயர் வைத்தார்கள். “லிஃப்ட் வருது, ஓரமா நில்லுங்கடா” என்பார்கள். கிண்டல்தான், வன்மம் இல்லை. மேல் வகுப்புகளில் அவளைக் கிண்டல் செய்யக்கூட ஆள் இல்லை.

இரண்டாம் வருடப் படிவம் ஒரு வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டியிருந்தது. திங்கள் மாலை, அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது மகள் வந்து நின்றாள்.

“அம்மா, புதன்கிழமை கடைசி பீரியட் எனக்குக் காலியா வேணும்.”

“எதுக்கு?”

“ஒண்ணுக்கும் இல்ல.”

“ஒண்ணுக்கும் இல்லாம எதுக்குடி காலி?”

“எங்க கிளாஸ் அப்போ கிரவுண்டு படிக்கட்டுல உக்காந்திருக்கும். நான் அப்போ மூணாவது மாடிக்கு ஏறிட்டிருப்பேன். அவங்க சிரிக்கிறது கேக்கும். எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு தெரியாது. மறுநாள் கேட்டா, ‘நீ அங்க இருந்திருக்கணும்’ங்கிறாங்க.”

அவள் வேறு எதையும் கேட்டு அடம்பிடித்த பிள்ளை இல்லை. அம்மா கத்தியை வைத்துவிட்டு ஃபிரிட்ஜ் கதவருகே போனார்.

புதன் கடைசி பீரியட்டில் புள்ளியியல் இருந்தது. அதை எடுத்தால் திங்கள் மூன்றாம் பீரியட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே வேதியியல். வேதியியலின் இன்னொரு பிரிவு வியாழன் மதியம். அப்போது மகள் பேருந்தில் இருப்பாள். புள்ளியியலையே விட்டுவிட்டால் மூன்றாம் வருடத்தில் மூன்று பாடங்களுக்குக் கதவு அடைத்துக்கொள்ளும்.

“ஒரு பீரியட்தானே, விட்டுத்தொலையேன்” என்றார் கணவர்.

“நீங்க ஒரு ஸ்க்ரூவைக் கழட்டினா ஃபிரிட்ஜ் அப்படியே நிக்குமா?”

“ஒண்ணு ரெண்டு ஸ்க்ரூ மீந்துதான் போகும். ஃபிரிட்ஜ் ஓடத்தான் செய்யுது.”

“அதான் வாங்கினவங்க திரும்பத் திரும்ப உங்களையே கூப்பிடுறாங்க.”

வாய்ச்சண்டையில் ஜெயித்தாலும் சார்ட்டிடம் தோற்றுக்கொண்டிருந்தார். மூன்று நாள் பணிமனை உணவு இடைவேளையில் பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்தார். வியாழக்கிழமை ஒரு வழி தென்பட்டது. முதல் மணிக்கு முன்பே, தினமும் ஏழே காலுக்கு, ஒரு புள்ளியியல் வகுப்பு நடந்தது. போன வருடம் தேறாதவர்களுக்கானது.

“ஃபெயிலானவங்களோடயா?” என்று மகள் சிரித்தாள். “பரவாயில்லம்மா.”

“அஞ்சரைக்கு எழுந்திருக்கணும்.”

“எழுந்துக்கறேன்.”

போர்வையை உருவினாலும் தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்குகிற பெண் அவள். ஒரு பேச்சுக்கூட எதிர்த்துப் பேசாமல் ஒத்துக்கொண்டதில் அம்மாவுக்கு அந்தப் பீரியட்டின் எடை புரிந்தது. ஒரே ஒரு காலிக் கட்டம் உள்ள சார்ட்டோடு வெள்ளிக்கிழமை வழிகாட்டி டீச்சரிடம் போனார்.

டீச்சரின் விரல் நேராக அந்தக் கட்டத்தில் போய் நின்றது.

“இங்க ஒண்ணு விட்டுப்போச்சேம்மா?”

“விட்டுப்போகல டீச்சர். அது அப்படியே இருக்கட்டும்.”

“கம்ப்யூட்டர் ஏத்துக்காதும்மா. ஏதாவது ஒரு பேர் போட்டாத்தான் அடுத்த பக்கத்துக்கே போகும்.” டீச்சர் திரையைத் திருப்பிக் காட்டினார். வரிசையாக முப்பது பெயர்கள். கடைசியிலிருந்து இரண்டாவது: நூலக உதவி.

பணிமனையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஓட்டுநருக்குப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இரண்டு மணி நேரம் வேண்டும், விடுப்பு தீர்ந்துவிட்டது என்றால், சார்ட் அக்கா அவர் பெயரை ‘வண்டி கழுவல்’ என்ற கட்டத்தில் போட்டுவிடுவார். கழுவும் இடத்துக்குப் போய் யாரும் தலை எண்ண மாட்டார்கள். காலியாக விட்டால்தான் ஆபத்து. மேலதிகாரி பார்த்தால் அங்கே ஒரு வேலையை எழுதிவிடுவார். காலி நேரத்தைக் காப்பாற்ற ஒரே வழி அதற்கு ஒரு பொய்ப் பெயர் வைப்பது. பத்தொன்பது வருடமாக ஒருமுறைகூடப் பிசகாத உபாயம்.

“நூலகம்னு போட்டுக்குங்க” என்றார்.

டீச்சரின் முகம் மலர்ந்ததைக் கவனித்திருக்க வேண்டும். அவர் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து மகளிடம், “பேருக்குத்தான். நீ படிக்கட்டுக்குப் போ” என்றார். மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

பள்ளி திறந்தது. அந்த வாரம் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் மகள் ஐந்தரைக்கு எழுந்து, கண்ணைத் திறக்காமலே பல் தேய்த்தாள். புதன் கடைசி பீரியட் தொடங்கும் மணி அடித்ததும் படிக்கட்டுக்கு ஓடினாள். யாரோ ஒருத்தி இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். ஒரு பையன் உடற்பயிற்சி ஆசிரியர் விசில் ஊதுவதைப் போல வாயாலேயே ஊதிக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். எதற்கென்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். நூலகர் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். பருத்த, மூச்சு வாங்குகிற, நல்ல மனிதர். கையில் புதிதாக அச்சடித்த பேட்ஜ்.

“நீதானேம்மா நூலக உதவி? நாலு வருஷமா ஒருத்தரும் அந்தப் பேரைத் தேர்ந்தெடுக்கலம்மா. உன் பேரைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வழி தெரியாம இங்க உக்காந்துட்டியா?”

“லிஃப்ட்டுக்கு ஆள் வந்தாச்சு” என்றான் விசில்காரன். இந்தத் தடவையும் எல்லோரும் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அம்மா பணிமனையில் அரைநாள் அனுமதி வாங்கிக்கொண்டு வழிகாட்டி டீச்சரிடம் வந்தார். மகளும் கூட வந்தாள். இந்த முறை சுற்றி வளைக்கவில்லை.

“டீச்சர், அன்னைக்கு நான் சும்மா ஒரு பேர் சொன்னேன். இவளுக்கு அந்த நேரம் ஓய்வா வேணும். நூலகத்தை எடுத்துடுங்க.”

டீச்சருக்குப் புரிய சற்று நேரமாயிற்று. புரிந்ததும் அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

“அய்யோ, நல்லது பண்றதா நெனச்சு நான் எல்லாத்தையும் மாத்திட்டேனேம்மா. நூலகம் சேவைக் கணக்குல வருது. அதனால சனிக்கிழமை முதியோர் இல்ல சேவையில இருந்து இவளை எடுத்து, அந்த இடத்தை வேற பிள்ளைக்குக் குடுத்தாச்சு. இப்ப நூலகத்தை எடுத்தா சேவையே இல்லாமப் போயிடும். சேவை இல்லைன்னா வருஷம் முடியாது.”

“அப்போ சனிக்கிழமை எனக்குக் காலிதானே டீச்சர்?” என்று மகள் சட்டென்று கேட்டாள்.

“காலியா இருக்கேன்னு ஒலிம்பியாட் பயிற்சி போட்டுட்டேன் கண்ணு. உனக்குன்னு சொல்லித்தான் அந்த இடத்தையே பிடிச்சு வச்சிருக்கேன்.”

அம்மா கடைசியாக ஒன்று கேட்டார்.

“ஏழே கால் வகுப்பையாவது விட்டுட்டுப் பழைய பிரிவுக்கே மாத்த முடியுமா?”

“புதன் கடைசிப் பிரிவு நிறைஞ்சுடுச்சும்மா. இனி அடுத்த வருஷப் படிவத்துலதான்.”

வெளியே தெருவில் இருவரும் நடந்தார்கள். மகள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

“இன்னும் முப்பத்தாறு புதன்கிழமை இருக்கும்மா.”

“நான் முதல்லயே உள்ளதைச் சொல்லிக் கேட்டிருக்கணும்.”

“கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களா?”

“மாட்டாங்க.”

“அப்புறம் என்ன?”

“உன்னை அஞ்சரைக்கு எழுப்பியிருக்க மாட்டேன்ல?”

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு வரவில்லை. பத்து நிமிடம் உட்கார்ந்திருந்த அந்தப் படிக்கட்டைப் பற்றி ஏதாவது சொல்லச் சொல்லிக் கேட்கலாம் என்று வாயெடுத்தார். அதற்குள் மகள் மணி பார்த்தாள். நாலரைக்குக் கடைத்தெரு மண்டபத்தில் விவாத மன்றம்.

“அம்மா, வேகமா நட. லேட்டாயிடும்.”

அம்மா புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எட்டி நடந்தார். இந்தச் சந்தில் போனால் நான்கு நிமிடம் மிச்சம் என்று அவருக்குத் தெரியும்.