சாவி திரும்பும் பக்கம்

என் கணவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தபோது நான் அழவில்லை. மாண்டலின் சாவிகளைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன். ஆளுக்கொரு சுபாவம். நான் ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளி ஹாஸ்டலில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். பயம் வந்துவிட்டால் எதையாவது பிடித்துச் சரிசெய்யாமல் என்னால் சும்மா உட்கார முடியாது.

சாவி என்றால் பூட்டுச் சாவி இல்லை. மாண்டலினின் தலைப்பக்கம் இரண்டு ஓரத்திலும் நான்கு நான்காகக் குமிழ்கள் நீட்டிக்கொண்டிருக்கும். திருகினால் தந்தி இறுகும், அல்லது தளரும். அதைத்தான் எங்கள் வீட்டில் சாவி என்போம். தந்திகள் ஜோடி ஜோடியாக இருப்பவை. ஜோடியில் ஒன்று மயிரிழை பிசகினாலும், சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு சத்தம் போடும். எங்கள் ஊர்ப் பனிக்கு அவை பிசகாத நாளே கிடையாது. அதனால் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அவர் கை தானாகச் சாவிக்குப் போகும்.

அவர் வாழவந்திப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். வாலிபத்திலிருந்தே சர்ச்சில், எங்கள் பேச்சில் கோயிலில், பாட்டுக்காரர்களோடு உட்கார்ந்து மாண்டலின் வாசிக்கிறார். நடுக்கம் வந்த பிறகும் வாசிப்பதில் பெரிய குறை தெரியவில்லை. விரல்கள் தந்தியில் ஓடும்போது நடுக்கத்தை மறந்துவிடும். குமிழைப் பிடித்து நிதானமாகத் திருப்ப வேண்டிய இடத்தில்தான் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். சுருதி வர வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடும். திரும்ப இறக்குவார், அந்தப் பக்கம் தாண்டிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் இப்படியே திருகிக்கொண்டிருக்க, போதகர் ஐயர் அறிவிப்புகளை எல்லாம் முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

அன்று சாப்பிடும்போது அவர் சொன்னார்: "அறுப்புப் பண்டிகையோட நிறுத்திக்கலாம்னு பாக்கறேன் அம்மிணி. சுருதி சேக்க முடியாதவன் வாத்தியத்தத் தொடக் கூடாது."

"பாட்டுக்காரப் பசங்க யாராச்சும் சேத்துக் குடுத்தா ஆகாதுங்களா? இப்பத்தான் சுருதி சேந்துச்சான்னு போன்லயே காட்டுதே" என்றேன்.

"எம் பல்ல இன்னொருத்தன் வந்து வெளக்கி உடுவானா?" என்று கேட்டுவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார்.

நடுக்கத்துக்குப் பார்த்த சேலத்து டாக்டர் எங்களிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். முடிந்த மட்டும் வாசிக்க வேண்டும், விட்டுவிட்டால் கையும் சீக்கிரம் விட்டுவிடும் என்று. ஆகவே எனக்கு இது கோயில் விஷயமாகத் தெரியவில்லை. மாண்டலின் பெட்டிக்குள் போனால் அவர் கையும் கூடவே போய்விடும் என்று பயந்தேன். ராத்திரி படுத்தால் அந்த எண்ணம்தான், காலையில் எழுந்தாலும் அதே எண்ணம்தான்.

பழைய சாவிகளில் பல் தேய்ந்திருந்தது. அதோடு அவை அவசரக்காரச் சாவிகள். கொஞ்சம் திருப்பினாலே தந்தி துள்ளிப் போகும். பல்சக்கரத்தைப் பொடிப் பற்களாக வெட்டினால், நிறையத் திருப்பினாலும் தந்தி கொஞ்சம்தான் நகரும், கை நடுங்கினாலும் சுருதி அவ்வளவாக ஆடாது என்று எங்கேயோ படித்தேன். சேலத்துக் கடைகளில் கிடைத்தவை தகரம் போல இருந்தன, விரலால் அசைத்தால் லொடலொடவென்று ஆடின. கடைசியில் கோயம்புத்தூரில் சொந்தமாக லேத் வைத்துக் கையாலேயே இவற்றைச் செய்கிற ஒருவரின் நம்பர் கிடைத்தது.

மனிதர் பெருமைக்காரர். "ஏனுங்க மேடம், நம்ம சாவியப் போட்டுட்டு அப்பறம் வேற சாவி தேடுன ஆளே இல்லீங்க" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார். பித்தளையா எஃகா, குமிழ் எலும்பிலா மரத்திலா என்று கேட்டார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு ஒரு வாரம் தூங்கவில்லை. பித்தளை கனமாக இருந்தால் தலை தாழ்ந்து அவர் மணிக்கட்டு வலிக்குமே. எலும்புக் குமிழ் பனியில் வழுக்குமே. ஓட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒத்துவராமல் புதிதாகத் துளைபோட நேர்ந்தால் அந்தப் பழைய மரம் பிளந்துவிடுமே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், எனக்கு ஒவ்வொரு ஆணியும் பேயாகத் தெரிந்தது. பள்ளியின் பிசிக்ஸ் லேபிலிருந்து வெர்னியர் அளவுகோலை இரவல் வாங்கி வந்து, வீட்டுக்காரர் மஞ்சக்குட்டைக்கு ஒரு துக்கத்துக்குப் போயிருந்த சமயம் பார்த்து அளந்தேன். திருப்தி வராமல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்தேன். போட்டோவும் பிடித்து எல்லாவற்றையும் அனுப்பினேன்.

பெரிய மரக் குமிழ், குமிழ்களைத் தாங்க எஃகுத் தகடு, பொடிப் பல் என்று முடிவானது. அப்போது கோயம்புத்தூர்க்காரர் ஒன்று கேட்டார்.

"மேடம், போட்டோவுல பாத்தா உங்க பழைய சாவியத் தலைகீழா மாட்டியிருக்காங்க. எடத்துத் தகடு வலத்துல இருக்குது, வலத்துத் தகடு எடத்துல இருக்குது. அதே மாதிரி செய்யட்டுங்களா, செரியான மாதிரி செய்யட்டுங்களா?"

வார்டனிடம் கேட்கிற கேள்வியா இது? "சரியான மாதிரிதான் வேணும். தப்பா இருக்கறத யாராச்சும் காசு குடுத்துக் கேப்பாங்களா?" என்றேன். அவரும் சிரித்தார். இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்துச் செய்கிற ஆளைப் பிடித்தோமே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பார்சல் வந்ததும் பிரித்து மேஜையில் வைத்தேன். அவர் ஒரு குமிழைத் திருப்பிப் பார்த்தார். வெண்ணெயில் கத்தி இறங்குவது போலச் சத்தமில்லாமல் சுழன்றது. "நொம்ப நல்லாருக்குது" என்றார். அப்படியே துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டார்.

மாட்டச் சொன்னால், மழை விடட்டும் என்றார். மழை விட்டது, மிளகு காயப்போட வேண்டும் என்றார். மிளகும் காய்ந்தது, இடுப்பு வலி என்றார். அறுப்புப் பண்டிகை, கோயிலின் அறுவடைத் திருநாள், நெருங்கிக்கொண்டே வந்தது. நான் கத்தினேன், கெஞ்சினேன், ஒரு நாள் முழுக்கப் பேசாமலும் இருந்து பார்த்தேன். "பதறாத காரியம் சிதறாது அம்மிணி" என்பார். அவர் ஏன் இப்படிச் செய்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. பிடிக்கவில்லையோ, நான் கேட்காமல் செய்தது கோபமோ என்று எனக்குள்ளேயே வெந்தேன்.

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை காலை அவராகவே பெட்டியைத் திறந்தார். ஸ்குரூ டிரைவரை என் கையில் கொடுத்தார். பழையதைக் கழற்றிப் புதியதை நானே மாட்டினேன். ஓட்டைகள் அச்சாகப் பொருந்தின, மரம் பிளக்கவில்லை, நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். அவர் சொல்லச் சொல்லத் தந்திகளையும் ஏதோ தெரிந்த மட்டும் சுற்றி, ஓரளவு இறுக்கிக் கொடுத்தேன். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

முதல் தந்தியைத் தட்டினார். தணிந்து கேட்டது. குமிழைத் திருப்பினார். இன்னும் தணிந்தது. நிறுத்திவிட்டு மறுபடி திருப்பினார். தந்தி தொளதொளவென்று ஆனது. அடுத்த ஜோடிக்குப் போனார், அங்கும் அப்படியே. அவர் முகம் வெளுத்துப்போயிற்று. கையை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"ஏத்தோணும்னுதான் நெனைக்கறேன். கை எறக்குது" என்றார். கொஞ்சம் கழித்து, "தலைக்கும் ஏறிருச்சு அம்மிணி. இனி நான் ஒண்ணு சொன்னா கை ஒண்ணு செய்யும்" என்றார்.

இந்த வியாதி சிலருக்கு நினைப்பையும் தொடும் என்று டாக்டர் மெல்லச் சொல்லியிருந்தது காதில் ஒலித்தது. கைக்குத்தானே வைத்தியம் பார்த்தோம், இதற்கு எங்கே போவது? ஏதாவது பேச வேண்டுமே என்று, "நீங்க எப்படித் திருப்புனீங்க, எனக்குக் காட்டுங்க" என்றேன்.

காட்டினார். குமிழைத் தன்னைவிட்டு அந்தப் பக்கமாகத் தள்ளித் திருப்பினார்.

நான் தந்தி சுற்றும்போது என் பக்கமாக அல்லவா இழுத்துத் திருப்பினேன்? மாண்டலினைப் பிடுங்காத குறையாக வாங்கி, என் பக்கமாகத் திருப்பினேன். தந்தி ஏறியது. அந்தப் பக்கம் தள்ளினேன். இறங்கியது. கழற்றிப்போட்ட பழைய தகடுகளை எடுத்துப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால் துருப்பிடித்துவிட்டதென்று அவற்றைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி மாட்டியதாக அவர் எப்போதோ சொல்லியிருக்கிறார். பக்கம் மாறியது அப்போதுதானாக இருக்க வேண்டும். அப்படி மாட்டினால் சாவி எதிர்ப்பக்கமாகத் தந்தியை இறுக்கும். அன்றிலிருந்து அவர் விரல்கள் அப்படியே பழகிவிட்டன. கோயம்புத்தூர்க்காரர் கேட்ட கேள்விக்கு நான் துள்ளிக்கொண்டு பதில் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்க! சாவி எதிர்ப்பக்கம் திரும்புது! நாந்தான் அப்படிச் செய்யச் சொன்னேன்!" என்று கத்தினேன். சொல்லும்போதே அழுகையும் வந்தது.

அவர் நம்பவில்லை. தானே ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப கை நான் சொன்னதத்தான் செஞ்சிருக்குதா?"

"ஆமாங்க."

"உன்ற தப்பா?"

"முழுக்க என் தப்புத்தான்."

அவர் நீளமாக மூச்சு விட்டார். பிறகு, நான் கேட்காமலேயே சொன்னார்: "பழைய சாவி இருந்த மட்டும் அது மேல பழியப் போட்டுக்கலாம். இத்தன நல்ல சாவி வந்த பொறவும் முடியலீன்னா, அப்பறம் சொல்றதுக்கு எங்கையத் தவிர வேற என்ன இருக்குது? அதுக்குப் பயந்துட்டுத்தான் பீரோவுல வெச்சேன்."

அதைக் கேட்டு நான் கூசிப்போனேன். இத்தனை நாள் அவருக்குக் குழி தோண்டுவது தெரியாமல் எஃகா பித்தளையா என்று அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

அவர் மறுபடி குமிழைப் பிடித்தார். தவறாகத் திருப்பி, நிறுத்தி, எதிர்ப்பக்கம் திருப்பினார். விரல் நடுங்கத்தான் செய்தது. ஆனால் தந்தி துள்ளவில்லை, மெல்ல மெல்ல ஏறியது. ஒரு ஜோடி சேர்வதற்குள் என் தேநீர் ஆறிவிட்டது. சேர்ந்தது.

"கோயம்புத்தூருக்குப் போன் பண்ணி, பழைய மாதிரியே மாத்தித் தரச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டேன்.

"வேண்டா அம்மிணி" என்றார், அடுத்த தந்தியைத் தட்டியபடி. "திட்டறதுக்கு எனக்கு ஒரு சாவி வேணும்."